ட்ரம்பெட்டை டிகிரியாகப் படிக்க முடியுமா? (கடலூர் / புதுச்சேரி)

10 மார்ச் 2024, மாலை 6.15. கேட்டவர்: மஞ்சக்குப்பம், கடலூர்

மகள் பிளஸ் டூ பரீட்சை எழுதிக்கொண்டிருக்கிறாள். ஆறாவதிலிருந்து பள்ளி பேண்டில் ட்ரம்பெட். இப்போது அதையே டிகிரியாகப் படிக்கப்போகிறேன் என்கிறாள். அவள் அப்பாவுக்கு அந்தப் பேச்சே பிடிக்கவில்லை. "மாப்பிள்ளை அழைப்புல ஊதுறதுக்கு டிகிரி எதுக்கு" என்கிறார். சிதம்பரம் பக்கத்தில்தானே, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் கிடைக்குமா? இல்லாவிட்டால் புதுச்சேரியில்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

10 மார்ச், இரவு 11.05

கிடைக்காது. அண்ணாமலையில் இசைக்கல்லூரி 1929லிருந்து இருக்கிறது. வாய்ப்பாட்டு, வீணை, வயலின், மிருதங்கம், நாதஸ்வரம், தவில். ஊதித்தான் ஆகவேண்டும் என்றால் நாதஸ்வரம் ஊதலாம். அரியாங்குப்பம் பாரதியார் பல்கலைக்கூடத்திலும் நம்மூர் சங்கீதம், பரதம், ஓவியம்தான். காலாப்பட்டில் இருக்கும் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் இருப்பது நாடகம்.

பி.காம் போடுங்கள் அக்கா. நான் இதைப் படித்தவன், அதனால்தான் சொல்கிறேன்.

11 மார்ச், காலை 6.40

ராத்திரி எழுதின கடைசி வரி கொஞ்சம் வெடுக்கென்று இருக்கிறது. தூக்கக் கலக்கம். யார் சொல்கிறேன் என்றாவது சொல்லியிருக்க வேண்டும்.

நான் புதுச்சேரி முத்தியால்பேட்டை. மாமா பேண்டு செட்டில் ட்ரம்பெட் வாசித்தவர். கல்யாணம், மாதா கோயில் தேர், சாவு எல்லாம். பதினோரு வயதில் அவரிடம் ஆரம்பித்தேன். தாத்தா சொல்தா, பிரெஞ்சு ராணுவப் பென்ஷன்காரர். 1962ல் குடியுரிமை மாறியபோது அவர் பிரெஞ்சுப் பக்கமே நின்றுவிட்டார். அந்தப் பாஸ்போர்ட் புண்ணியத்தில் நான் பத்தொன்பது வயதில் பிரான்ஸ் போய், ஒரு கான்செர்வத்வாரில், அதாவது இசைப் பள்ளியில், மூன்று வருஷம் ட்ரம்பெட் படித்தேன். ஊர் பேர், பள்ளிக்கூடத்தின் பேர் வேண்டாம். இப்போது பகலில் கணக்கு எழுதுகிறேன், சாயங்காலம் நாலு பிள்ளைகளுக்குச் சொல்லித்தருகிறேன், முகூர்த்த நாளில் வாசிக்கிறேன். ஆக அந்த பி.காம் யோசனை எங்கிருந்து வந்தது என்று உங்களுக்கே புரிந்திருக்கும்.

11 மார்ச், மதியம்

"அப்படி என்னதான் மூணு வருஷம் சொல்லிக்கொடுத்தான்?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். முதல் மூன்று மாதம் ஒன்றும் சொல்லிக்கொடுக்கவில்லை. இருந்ததை எடுத்தார்கள்.

மாமாவிடம் நான் கற்றது தெருவில் ஊதும் வாத்தியம். முன்னால் சைடு டிரம், பின்னால் ஜெனரேட்டர் வண்டி, நடுவில் நம் சத்தம் கேட்கவேண்டும். சத்தம் வேண்டுமென்றால் மவுத்பீஸை உதட்டில் வைத்து அழுத்துவோம். மேல் சுரம் வரவில்லையா, இன்னும் அழுத்து. முகூர்த்தம் முடிந்து வீட்டுக்கு வந்தால் மேலுதட்டில் வளையல் வைத்து அச்சு எடுத்த மாதிரி ஒரு வட்டம் இருக்கும். சோறு தின்றால் குழம்புக் காரம் அந்த வட்டத்தில்தான் முதலில் ஏறும். மாமா அதைத் தடவிப் பார்த்து, "இப்பதான்டா ட்ரம்பெட்காரன் ஆன" என்பார்.

அங்கே முதல் வகுப்பில் வாத்தியார் என் உதட்டைத்தான் பார்த்தார். வாத்தியத்தைப் பெட்டியில் வைக்கச் சொன்னார். கையில் மவுத்பீஸ் மட்டும், எதிரே கண்ணாடி. மவுத்பீஸை இரண்டு விரலில், நழுவி விழுகிற அளவுக்கு லேசாகப் பிடித்துக்கொண்டு உதட்டை அதிரவிடவேண்டும். வந்தது என்ன என்று கேட்கிறீர்களா? காற்றும் எச்சிலும். பதினோரு வயதிலேயே எடுத்த மேல் சுரங்கள் பத்தொன்பது வயதில் போய்விட்டன. ஆறு மாதம் திரும்பவில்லை. மாமாவுக்குப் போனில் சொல்லவே இல்லை.

12 மார்ச்

கேட்ட கேள்விக்கு வருகிறேன். டிகிரி என்று போனால் உள்ளே நுழைவதற்கே வாசித்துக் காட்டவேண்டும். மார்க் ஷீட் இரண்டாம்பட்சம். எங்கே போனாலும் கேட்பது ஹைடன் வால்வு ட்ரம்பெட்டுக்கு (விரலால் அமுக்குகிற வால்வு உள்ளது) எழுதிய கான்செர்டோ, அதாவது ஆர்க்கெஸ்ட்ராவோடு தனியாக வாசிக்கும் உருப்படி, அல்லது ஹம்மல் எழுதியது, ஆர்பன் புத்தகத்திலிருந்து ஒரு பயிற்சி, ஸ்கேல்கள், பார்த்தவுடன் வாசித்தல், காதால் கேட்டு எழுதுதல். ஆர்பன் என்பவர் 1864ல் ட்ரம்பெட் மாதிரியே இருக்கும் கார்னெட்டுக்காகப் போட்ட புத்தகம். இன்றுவரை உலகத்து ட்ரம்பெட்காரன் அத்தனை பேர் மேஜையிலும் அட்டை கிழிந்து கிடக்கும்.

நம் பிள்ளைகள் விழுவது கடைசி இரண்டில். உங்கள் மகளுக்கு நொட்டேஷன் படிக்கத் தெரியுமா, இல்லை விரல் நம்பரா?

12 மார்ச், இரவு

ஹைடன் விஷயத்தில் ஒருவர் திருத்தியிருக்கிறார், அவர் சொல்வதுதான் சரி. 1796ல் ஹைடன் எழுதும்போது வால்வே கிடையாது. வைடிங்கர் என்ற வியன்னாக்காரர் குழாயில் ஓட்டை போட்டு, அதை மூடித் திறக்கச் சாவி வைத்த ட்ரம்பெட் ஒன்றை வைத்திருந்தார், அதற்காக எழுதியது. வால்வுக்குக் காப்புரிமை 1818ல்தான். மூன்று வருஷம் படித்து இதைத் தப்பாக எழுதுகிறேன், பாருங்கள்.

14 மார்ச்

விரல் நம்பர் என்றால் என்ன என்று மூன்று பேர் கேட்டாயிற்று. பேண்டு செட்டில் பாட்டை இப்படித்தான் எழுதுவோம். நீளமான கணக்கு நோட்டில்:

0, 13, 12, 1, 0, 12, 2, 0

இதுதான் ஒரு ஸ்கேல். எந்த வால்வை அமுக்குவது என்பது மட்டும். இரண்டாவது அரை சுரம் இறக்கும், முதலாவது முழு சுரம், மூன்றாவது ஒன்றரை. இந்த வரிசையில் சைபர் மூன்று தடவை வருகிறது, கவனித்தீர்களா? விரல் மூன்றிலும் சும்மா இருக்கிறது, சுரம் மட்டும் வேறு. எந்த சைபர் என்பதை நோட்டு சொல்லாது, உதடுதான் முடிவு செய்யும். பாட்டைக் காதில் முன்பே வாங்கியிருந்தால்தான் இந்த நோட்டு உதவும். மாமா செட்டில் பத்து பேருக்கு இப்படி நூற்றுக்கணக்கான பாட்டு தெரியும். ஒருத்தருக்கும் ஐந்து கோட்டு நொட்டேஷன் தெரியாது.

பிரான்ஸில் சோல்ஃபேஜ் வகுப்பில், அதாவது நொட்டேஷனைப் பார்த்துப் பாடிப் பழகும் வகுப்பில், என்னைப் பத்து வயதுப் பிள்ளைகளோடு உட்கார வைத்தார்கள். மேஜைக்கு அடியில் கால் நுழையவில்லை. அங்கே தோ, ரெ, மி என்றால் நம்ம ச, ரி, க மாதிரிதானே என்று தெம்பாக இருந்தேன். இல்லை. நமக்குச் சட்ஜம் எங்கே வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். அவர்களுக்குத் தோ ஓர் இடத்தில்தான், ஆணி அடித்த மாதிரி. போதாக்குறைக்கு என் கையில் இருந்தது பி ஃபிளாட் ட்ரம்பெட். காகிதத்தில் தோ பார்த்து ஊதினால் வெளியே சி பெமோல் (பி ஃபிளாட்டுக்கு அவர்கள் சொல்லும் பேர்) வரும், முழு சுரம் கீழே. பியானோக்கார அம்மா தோ கேட்பாள், நான் என் தோ ஊதுவேன், பிள்ளைகள் சிரிக்கும். அந்த ஊர் மாணவர்கள் பெரும்பாலும் சி ட்ரம்பெட், அதாவது காகிதத்துத் தோவே வெளியேயும் வருவது, வைத்திருந்தார்கள், அவர்களுக்கு இந்த வம்பு இல்லை.

ஆனால் கொஞ்ச நாளில் ஒன்று தெரிந்தது. ஆர்க்கெஸ்ட்ராவில் பழைய ட்ரம்பெட் பார்ட்டுகள் எஃப், இ, டி என்று பல சுருதிக்கு எழுதியிருக்கும். பார்க்கும்போதே மனதில் மாற்றி வாசிக்கவேண்டும். டிகிரியில் இதற்கென்றே பயிற்சி உண்டு. மற்றவர்கள் வியர்த்தார்கள். எனக்குச் சட்ஜத்தை நகர்த்துவது பாட்டி வீட்டுக்குப் போகிற மாதிரி.

15 மார்ச்

மேலே 11ஆம் தேதி எழுதியதைத் திரும்பப் படித்தேன். மாமா கெடுத்ததை அவர்கள் சரிசெய்தார்கள் என்கிற தொனி வந்திருக்கிறது. அது பாதிதான். உதடு விஷயத்தில் வாத்தியார் சரி. ஆனால் நோட்டை எடுத்துவிட்டால் அங்கே பாதி வகுப்பு ஊமை. ஒரு நாள் மின்சாரம் போய், இருட்டில் நான் மட்டும் நாற்பது நிமிஷம் வாசித்தேன். மாமா செட்டில் கற்றது அது.

15 மார்ச், சற்று பிறகு

நாற்பது இல்லை, இருபது இருக்கும். கதை சொல்லச் சொல்ல நீள்கிறது.

19 மார்ச்

மகளின் அப்பா சொன்னதைப் பற்றி. அக்கா, அவர் சொல்வதில் இருக்கிற பயம் ட்ரம்பெட்டைப் பற்றியது இல்லை. நான் காலையில் வீட்டில் நீள சுரம் பிடித்தால் எதிர் வீட்டு ஆயா வெளியே வந்து "யாரு வீட்டுல?" என்று கேட்கும். துக்கம் விசாரிக்கிறதாம். அடைப்பான் போட்டு ஊதினேன், துணி அலமாரியைத் திறந்து சேலைகளுக்குள் ஊதினேன். கடைசியில் விடியற்காலை கடற்கரைக்குப் போய்விட்டேன். அலை சத்தம் எல்லாவற்றையும் தின்றுவிடும். வலை பிரிக்கிறவர்கள் ஒரு வாரம் பார்த்துவிட்டு, "தம்பி, மீனு ஓடுது" என்றார்கள்.

சிரிப்பு அதோடு சரி. கல்யாண வீட்டில் மாமா செட்டுக்குப் பந்தி எப்போதும் கடைசி, அதுவும் பின்கட்டில், காலை டிபனுக்கு வந்த சாம்பாரோடு. சில வீடுகளில் திண்ணையில்கூட உட்காரச் சொல்லமாட்டார்கள். எந்தத் தெருக்காரர்கள் ஊதுகிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும், யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. அதே வாத்தியத்தைச் சிவப்புக் கெப்பித் தொப்பி போட்ட போலீஸ் பேண்டு ஊதினால் கைதட்டுவார்கள். உங்கள் வீட்டுக்காரர் மகளை எந்தப் பந்தியில் நினைத்துப் பார்க்கிறார் என்று அவரையே கேளுங்கள்.

2 ஏப்ரல்

நெய்வேலிக்காரர் ஒருவர் "சுரங்கத்தில் வேலை பார்க்கிறவன் பிள்ளைக்கு இதெல்லாம் ஆகுமா" என்று கேட்டிருந்தார். மொரீஸ் ஆந்த்ரேயைப் பாருங்கள். 1933ல் பிறந்தவர், அப்பா நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி, பதினாலு வயதில் தானும் சுரங்கத்தில் இறங்கினார். பாரிஸ் கான்செர்வத்வாரில் படிக்கக் காசில்லை. ராணுவ பேண்டில் சேர்ந்தால் கட்டணம் இல்லை என்று வாத்தியார் சொல்ல, பட்டாளத்தில் சேர்ந்து படித்தார். பிறகு அவர்தான் உலகத்துக்கு ட்ரம்பெட்.

நம் நாட்டிலும் பட்டாள வழி உண்டு. ராணுவத்தின் இசைப் பயிற்சி மத்தியப் பிரதேசத்தில் பச்மடியில். விமானப் படையிலும் கடற்படையிலும் அக்னிவீர் திட்டத்தில் இசைக்கலைஞர் என்றே தனியாக ஆள் எடுக்கிறார்கள், வாசித்துக் காட்டவேண்டும். நாலு வருஷம்தான், அதன்பின் நிச்சயமில்லை. கண்ணைத் திறந்துகொண்டு போகவேண்டும்.

3 ஏப்ரல்

செலவு. ஜெர்மனியில் அரசு இசைப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலும் படிப்புக் கட்டணம் வாங்குவதில்லை. பாடன் வூர்ட்டம்பர்க் மாநிலத்தில் ஐரோப்பியர் அல்லாதவருக்கு செமஸ்டருக்கு 1,500 யூரோ. ஆனால் விசாவுக்கு ஒரு வருஷச் செலவை வங்கியில் முடக்கிக் காட்டவேண்டும். 2024 தொடக்கத்தில் அது 11,208 யூரோவாக இருந்தது, கிட்டத்தட்ட பத்து லட்சம். ஜெர்மன் மொழித் தேர்வு தனி. அங்கே ஆர்க்கெஸ்ட்ராவில் சுழல் வால்வு ட்ரம்பெட், நம்முடையது பிஸ்டன் வால்வு. அதையும் பழகவேண்டும்.

இங்கேயே இருந்துகொண்டு செய்யக்கூடியது டிரினிட்டி அல்லது ஏபிஆர்எஸ்எம் என்ற லண்டன் அமைப்புகள் நடத்தும் கிரேடு பரீட்சைகள். எட்டு வரை உண்டு. எட்டை நன்றாக முடித்தவருக்கு நுழைவுத் தேர்வு அந்நியமாக இருக்காது. கடலூரில் இருந்துகொண்டு பி.காமோடு சேர்த்துச் செய்யலாம். (மறுபடி பி.காம்! தெரிகிறது.)

20 ஏப்ரல்

எந்த ட்ரம்பெட் வாங்குவது என்று நிறையப் பேர். மீரட்டில் ஜாலி கோத்தி என்று ஒரு வட்டாரமே பேண்டு வாத்தியம் செய்கிறது; நம்மூர் செட்டுகளில் இருப்பது பெரும்பாலும் அந்தச் சரக்கு. தெருவுக்கு நல்லது. பரீட்சைக்கு என்றால் பழையதாக ஒரு யமஹா மாணவர் மாடல் தேடுங்கள்.

வால்வுக்குத் தேங்காய் எண்ணெய் விடாதீர்கள். நான் விட்டேன், பன்னிரண்டு வயதில், வீட்டில் இருந்தது அதுதான். வில்லியனூர் தேர் அன்று நடுத்தெருவில் மூன்றாவது வால்வு இறங்கி அப்படியே நின்றுவிட்டது. கீழிருந்து விரலால் தள்ளித் தள்ளி ஊதினேன். மாதா மன்னித்திருப்பாள், மாமா இல்லை. தையல் மிஷின் எண்ணெய் விடுகிறவர்கள் இருக்கிறார்கள், பரவாயில்லை. வால்வு ஆயிலே வாங்கிவிடுங்கள். கடலோரத்தில் உப்புக் காற்று. ஊதி முடித்ததும் தண்ணீர் வடித்து, துடைத்து, பெட்டியில் வையுங்கள்.

7 மே

நேற்று ரிசல்ட். 498 என்று அக்கா எழுதியிருக்கிறார். வாழ்த்துகள். அப்பா இனிப்பு வாங்கினாராம். ட்ரம்பெட் பேச்சு எடுக்கவில்லையாம்.

9 மே

மகள் வாசித்த ஒலிப்பதிவு வந்தது. மூன்று தடவை கேட்டேன். தப்பு நிறைய. மூச்சு எடுக்கிற இடம் எல்லாம் தப்பு, நாக்கு கனமாக விழுகிறது. ஆனால் ஒன்று விளங்கவில்லை. கீழ் ரெ, அதாவது 13. ட்ரம்பெட்டின் அமைப்பிலேயே அந்தச் சுரம் சுருதி ஏறித்தான் ஒலிக்கும், 123 இன்னும் மோசம். முதல் வால்வுக் குழாயும் மூன்றாவதும் தனித்தனியாக அளந்து வெட்டியவை, சேர்த்து அமுக்கும்போது நீளம் பற்றாது. அதனால்தான் மூன்றாவது ஸ்லைடில், அதாவது அந்த வால்வின் இழுத்து நீட்டக்கூடிய குழாயில், விரல் வளையம். அந்தச் சுரம் வரும்போது வெளியே தள்ளவேண்டும். பள்ளி பேண்டில் இதை யாரும் சொல்லித்தருவதில்லை. இவளுக்கு ரெ சுத்தமாக விழுகிறது.

"ஸ்லைடு தள்றாளா?" என்று கேட்டேன். "எந்த ஸ்லைடு?" என்று பதில்.

11 மே

பி.காம் போடுங்கள் என்று முதல் நாள் சொன்னது யோசனை இல்லை, கசப்பு. அங்கே மூன்றாவது வருஷக் கடைசித் தேர்வில் எனக்கு இரண்டாம் இடம்கூட வரவில்லை. ஊருக்கு வந்து ஒரு வருஷம் பெட்டியையே திறக்கவில்லை. ட்ரம்பெட் சோறு போடாது என்று நான் சொல்லும்போதெல்லாம் அதற்குள் அந்த வருஷம் இருக்கிறது. கழித்துவிட்டுப் படியுங்கள்.

அதற்காக இப்போது "டிகிரிக்கு அனுப்புங்கள்" என்றும் சொல்லவில்லை. சோறு விஷயத்தில் பெரிதாக மாற்றம் ஒன்றுமில்லை.

22 ஜூன்

நேற்று இசைத் திருநாள். பிரான்ஸில் 1982ல் ஆரம்பித்தது, இங்கும் நடக்கிறது. வாசித்தேன். ஒருவர் கேட்டார்: சாக்ஸில் கத்ரி கோபால்நாத், கிளாரினெட்டில் ஏ.கே.சி. நடராஜன் கர்நாடக சங்கீதம் கொண்டுவந்தார்களே, ட்ரம்பெட்டில் ஏன் இல்லை? அந்த இரண்டிலும் ஓட்டையை மெல்ல மூடித் திறக்கவோ, நாணலை உதட்டால் இழைக்கவோ வழி இருக்கிறது. ட்ரம்பெட்டில் வால்வு அமுக்கினால் அமுக்கியதுதான், சுரம் படிக்கட்டு மாதிரி தாவும். பாதி அமுக்கி ஊதினால் கமகம் மாதிரி ஏதோ வரும், கூடவே மூக்கடைப்பும் வரும். லெபனானின் நசீம் மாலூஃப் 1960களில் கால் சுரத்துக்கென்று நாலாவது வால்வு வைத்தார். மகன் இப்ராஹிம் அதைத்தான் வாசிக்கிறார். நமக்கு அப்படி யாராவது செய்யவேண்டும். மீரட்காரரிடம் கேட்டுப் பார்க்கலாம், விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

30 ஜூன்

கடலூரிலேயே ஒரு கல்லூரியில் சேர்ந்துவிட்டாள். பி.காம் இல்லை, பி.எஸ்சி. இயற்பியல். யாரும் சொல்லாமல் அவளே எடுத்ததாம். ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி முத்தியால்பேட்டைக்கு வரலாமா என்று கேட்டார்கள். வரட்டும். முதலில் கிரேடு ஐந்து, பிறகு எட்டு, மூன்று வருஷம் கழித்து எங்கே போவது என்று பார்க்கலாம்.

14 ஜூலை, இரவு

காலையில் கடற்கரைச் சாலையில் பிரெஞ்சு போர் நினைவிடத்தில் பிரெஞ்சு தேசிய கீதம், மார்செயேஸ். மதியம் அவள் வந்தாள், அப்பாவோடு. அவர் வாசல் நாற்காலியில் பேப்பர் விரித்து உட்கார்ந்துகொண்டார். எதிர் வீட்டு ஆயா அவரிடம் வந்து "யாரு வீட்டுல?" என்று கேட்டதும் நடந்தது.

பெட்டியைத் திறந்து பார்த்தேன். பள்ளியில் கொடுத்த பழைய வாத்தியம். மூன்றாவது ஸ்லைடு பச்சை பூத்து இறுகிப்போயிருக்கிறது. எத்தனை வருஷமோ. அவள் கையில் வந்த நாளிலிருந்து அது அசைந்ததே இல்லை. ஏறி ஒலிக்கிற ரெயை ஆறு வருஷமாக உதட்டாலேயே இழுத்து இறக்கி வந்திருக்கிறாள், தான் செய்கிறோம் என்று தெரியாமல்.

வெந்நீர் ஊற்றி, வளையத்தில் பழைய வேட்டித் துணியைக் கோத்து, சொடுக்கி இழுத்தேன். நாலாவது இழுப்பில் டப்பென்று வந்தது. துடைத்து, கிரீஸ் போட்டு, விரலை எங்கே வைப்பது என்று காட்டினேன். ரெ வரும்போது தள்ளு என்றேன். தள்ளி ஊதினாள். சுருதி நன்றாக இறங்கிவிட்டது.

"இப்பதான் சார் தப்பா கேக்குது" என்றாள்.

உதடு இன்னும் இழுத்துக்கொண்டிருக்கிறது. அடுத்த ஞாயிறு கண்ணாடி கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன்.